காது கேளாத பெற்றோரின் பிள்ளை பாட்டுப் படிக்க: வீட்டில் செய்ய வேண்டியவை

அப்பா, அம்மா இருவருக்கும் காது கேட்காது. பிள்ளைக்குக் கேட்கும், ஆசையோ பாட்டின் மேல். இப்படிப்பட்ட வீட்டில் "சாதகத்தை (தினசரிப் பாட்டுப் பயிற்சியை) யார் பார்த்துக்கொள்வது?" என்பதுதான் முதல் கேள்வி. பெரும்பகுதியை அப்பா அம்மாவே பார்க்கலாம். தாளம் கண்ணுக்குத் தெரியும். வேகம் கூடுவதையும் குறைவதையும் கடிகாரம் காட்டிக்கொடுக்கும். கழுத்து நரம்பு புடைத்தால் குரலைச் சிரமப்படுத்துகிறாள் என்று புரியும். சுருதிச் சுத்தமும் குரலின் தரமும்தான் காதுக்கு மட்டும் பிடிபடுகிறவை. அந்த இரண்டுக்கு மட்டும் வெளியாள் ஒருவர் வேண்டும்.

எந்த வாத்தியம், எந்த வகுப்பு

முதல் வாத்தியமாக வயலின் வேண்டாம். அதில் விரல் வைக்கும் இடத்துக்கு அடையாளமே கிடையாது, சுரம் சரியா என்று காதுதான் சொல்ல வேண்டும். முதல் வருடம் வீட்டில் திருத்த ஆளில்லாமல் பிள்ளை அபசுரத்திலேயே பழகிவிடும், பிறகு மாற்றுவது பெரும்பாடு. வாய்ப்பாட்டும் கீபோர்டும் சேர்த்துத் தொடங்குவது நல்லது. கீபோர்டில் சுரம் தவறாது, விரலும் கண்ணுக்குத் தெரியும். 61 கட்டைகளும், அழுத்தத்துக்கு ஏற்ப ஒலி மாறும் வசதியும் இருந்தால் போதும், பழைய கருவியானாலும் பரவாயில்லை.

தாளக் கருவியில் ஆர்வமுள்ள பிள்ளைக்கு நம் கன்னியாகுமரி மாவட்டத்தின் வில்லுப்பாட்டை விட்டுவிட வேண்டாம். வீசுகோல் வில்லில் விழுவது, குடத்தைத் தட்டுவது, உடுக்கை, கட்டை, எல்லாமே கண்ணுக்குத் தெரியும் வேலை. அம்மன் கோயில் கொடை விழாவில் குழுவுக்குப் பக்கத்தில் உட்காரும் காது கேளாத அப்பாவுக்கு, கச்சேரியில் பின்வரிசையில் இருப்பவரைவிடக் கூடுதலாகவே பிடிபடும்.

கலை வகுப்புகள் நடத்தும் அரசின் ஜவகர் சிறுவர் மன்றத்தில் 5 முதல் 16 வயதுவரை சேரலாம். திருநெல்வேலியில் உள்ள மாவட்ட அரசு இசைப்பள்ளியில் 12 முதல் 25 வயதினருக்கு மூன்றாண்டுப் படிப்பு உண்டு. ஆனால் நாகர்கோவிலிலிருந்து 80 கிலோமீட்டர் அளவு தூரம், பள்ளிக்கூடம் போகும் பிள்ளை தினமும் போய்வர முடியாது. ஆகவே தொடக்கம் மார்த்தாண்டம், தக்கலை, நாகர்கோவில் பக்கத்து ஆசிரியரிடமோ சர்ச் பாடகர் குழுவிலோ இருக்கட்டும். பிளஸ் டூ முடித்தபின் திருவனந்தபுரம் சுவாதித் திருநாள் இசைக் கல்லூரியை யோசிக்கலாம்.

மாஸ்டரிடம் முதல் நாளே பேசிவிட வேண்டியது

பிள்ளையை மொழிபெயர்ப்பாளராக நிறுத்தக் கூடாது. "மக்ளே, அம்மைட்ட சொல்லு, அடுத்த மாசத்துல இருந்து பீஸு கூடும்" என்று மாஸ்டர் சொல்ல, ஏழு வயதுப் பிள்ளை அதைச் சைகையில் சொல்லும். நாளைக்கு "பயிற்சியே செய்வதில்லை" என்ற குறையையும் அதே பிள்ளைதான் சொல்ல வேண்டிவரும். சொல்லுமா? பாதியை விழுங்கிவிடும். ஃபீஸ், குறை, தேதி எல்லாம் எழுத்தில் வர வேண்டும். நேரில் பேசும்போது, தமிழ்ப் பேச்சை எழுத்தாக்கும் லைவ் டிரான்ஸ்கிரைப் செயலியை மாஸ்டர் பக்கம் திருப்பி மேசையில் வையுங்கள். மின்விசிறிக்கு நேர்கீழே வைத்தால் எழுத்து தாறுமாறாக வரும்.

வாட்ஸாப்பில் வாய்ஸ் நோட் அனுப்பக் கூடாது என்பதையும் அன்றே சொல்லிவிடுங்கள். ஆசிரியர்களுக்கு அது பழகிப்போன வழி, சொல்லாவிட்டால் கட்டாயம் வரும். பதிலுக்கு 30 விநாடி வீடியோ அனுப்பட்டும், வாயும் தாளம் போடும் கையும் ஒரே சட்டத்துக்குள் தெரிய வேண்டும். வகுப்பு நோட்டில் வாரம் ஒரு வரி போதும்: "சரளி 3, இரண்டாம் காலம், இறங்கும்போது ஓடுகிறாள்." என்ன பாடம் (சரளி வரிசை என்பது முதலில் கற்கும் சுரப் பயிற்சி), எந்தக் காலம் (வேகம்), என்ன தவறு என்ற மூன்றும் இதில் வந்துவிடுகிறது. "நன்றாகப் பழகவும்" என்று எழுதினால் வீட்டில் யாருக்கும் பயனில்லை.

தாளத்தைக் கண்ணால் பார்ப்பது

ஆதி தாளத்துக்கு எட்டு எண்ணிக்கை: ஒரு தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், பிறகு தட்டு, வீச்சு (உள்ளங்கையைத் திருப்பிப் போடுவது), தட்டு, வீச்சு. அம்மா இதை ஒரே மாலையில் பழகிவிடலாம். சைகை மொழி பேசும் கைக்கு இது ஒன்றும் பெரிய காரியமல்ல. பிள்ளைக்கு எதிரே உட்கார்ந்து இருவரும் சேர்ந்தே தாளம் போடுங்கள்.

அடுத்தது உதடு. ஏழு சுரங்களில் ம, ப இரண்டுக்கு மட்டும்தான் உதடு மூடும். மற்ற ஐந்தும் வாய்க்குள்ளேயே நடப்பதால் உதட்டைப் பார்த்துப் பிரிக்க முடியாது. முதல் சரளி வரிசையை (ச ரி க ம ப த நி ச, பிறகு ச நி த ப ம க ரி ச) முதல் காலத்தில், அதாவது ஓர் எண்ணிக்கைக்கு ஒரு சுரமாகப் பாடும்போது, ஏறுகையில் ம நான்காம் எண்ணிக்கையான நடுவிரலிலும் ப ஐந்தாவதான தட்டிலும் விழும். இறங்கும்போது ப நடுவிரலில், ம தட்டில். ஆக, ஏறினாலும் இறங்கினாலும் உதடு மூட வேண்டிய இடம் ஒன்றுதான்: நடுவிரலும் அதற்கடுத்த தட்டும். மோதிரவிரலிலேயே மூடினால் பிள்ளை ஓடுகிறது. வீச்சில் மூடினால் இழுக்கிறது.

இரண்டாம் காலத்தில் ஓர் எண்ணிக்கைக்கு இரண்டு சுரம். ஏறுகையில் சுண்டுவிரலின் பிற்பாதியிலும் மோதிரவிரலின் தொடக்கத்திலும் உதடு மூடும். இறங்குகையில் முதல் வீச்சின் பிற்பாதியும் அதற்கடுத்த தட்டும். மூன்றாம் காலத்தில் உதட்டைக் கண் தொடர முடியாது, கையை மட்டும் பாருங்கள். சுரம் கடினமாகும் இடத்தில் பிள்ளையின் கை நின்றுபோகும், அல்லது வீச்சைப் போடாமல் தாண்டும். அந்த இடத்தில்தான் பாட்டு தாளத்தைவிட்டு விலகுகிறது.

வேகத்துக்கு மெட்ரோனோம் செயலியை ஒளிரும் அமைப்பில் நிமிடத்துக்கு 60 என்று வையுங்கள். முதல் சரளி வரிசையில் ஏற்ற இறக்கம் இரண்டும் முதல் காலத்தில் 16 விநாடி, இரண்டாம் காலத்தில் 8, மூன்றாம் காலத்தில் 4. மூன்றாம் காலத்தில் இரண்டு தடவை பாடினால்தான் ஓர் ஆவர்த்தனம் (எட்டு எண்ணிக்கைச் சுற்று) நிறையும். முதல் காலமே 14 விநாடியில் முடிந்தால், மூன்றாம் காலம் கையில் நிற்காது.

டியூனர் செயலி: உதவும் இடம், ஏமாற்றும் இடம்

பிள்ளை எந்தச் சுரத்தில் நிற்கிறது என்று டியூனர் செயலி முள்ளாகக் காட்டும், ஆனால் மேற்கத்தியப் பெயரில். ஐந்து கட்டைச் சுருதியில் (ஜி சுரத்தைச் ச-வாக வைத்து), தொடக்கப் பாடங்களின் ராகமான மாயாமாளவகௌளை பாடினால் ச, ரி, க, ம, ப, த, நி முறையே ஜி, ஜி ஷார்ப், பி, சி, டி, டி ஷார்ப், எஃப் ஷார்ப். இதை ஓர் அட்டையில் எழுதி ஒட்டிவிடுங்கள். சுருதி வேறானால் அட்டையும் வேறு, அதை மாஸ்டரிடமே எழுதி வாங்குங்கள்.

சுருதிப் பெட்டி போனுக்குப் பக்கத்தில் இருந்தால் முள் பெட்டியின் ஒலியைத்தான் காட்டும், பிள்ளை வாய் திறக்காவிட்டாலும் "சரி" என்று நிற்கும். பெட்டியை இரண்டு மீட்டர் தள்ளி வையுங்கள், போன் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருக்கட்டும். இன்னொன்று, நீட்டிப் பிடிக்கும் ச, ப இரண்டை மட்டும் முள்ளைக்கொண்டு சரிபாருங்கள். தம்புராவோடு இணைந்து பாடும் பிள்ளையின் காந்தாரம் (க) டியூனர் கணக்குக்குச் சுமார் 14 சென்ட் (அரைச் சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) கீழே நிற்கும், நிஷாதம் (நி) 12 சென்ட் கீழே. அதுதான் சரி. முள்ளை நடுவுக்குக் கொண்டுவரச் சொன்னால் நல்ல காதைக் கெடுத்த பாவம் வந்து சேரும். கமகம் (சுரத்தை அசைத்துப் பாடுவது) வரும் இடத்தில் முள் ஆடத்தான் செய்யும், பார்க்கவே வேண்டாம்.

மீதியை, காது கேட்கும் ஒருவர் வாரம் பத்து நிமிடம் கேட்க வேண்டும். பாட்டா (தாத்தா), அத்தை, சர்ச் பாடகர் குழுவில் மூத்தவர், யாராக இருந்தாலும் சரி. பாட்டு தெரிந்திருக்க வேண்டியதில்லை. சுருதிப் பெட்டியோடு சேருகிறதா, தொண்டை கரகரக்கிறதா என்ற இரண்டு கேள்விக்கு மட்டும் பதில் சொன்னால் போதும். கரகரப்பு இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் சாதகத்தை நிறுத்திவிட்டு ஈ.என்.டி. மருத்துவரைப் பாருங்கள்.

அப்பா அம்மா உணர்வதற்கு

தோல் நன்றாக உணர்வது 200 முதல் 300 ஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வை. ஐந்து கட்டையில் மத்திய ஸ்தாயிச் சட்ஜம் (ச) 196 ஹெர்ட்ஸ், கிட்டத்தட்ட அந்த எல்லைக்குள்ளேதான். ஆகவே பிள்ளையின் மேல்முதுகில் உள்ளங்கையை வைத்தாலே மந்தர (கீழ்), மத்திய (நடு) ஸ்தாயிச் சுரங்கள் தெரியும். மேல் ஸ்தாயிக்குப் போகப்போக உணர்வு மங்கும்.

கீபோர்டுக்குத் தரையை நம்ப வேண்டாம். சிமெண்டு, டைல்ஸ் தரை கனத்து இறுகியது, அசையாது. நாலடி நீளம், இரண்டடி அகலத்தில் 12 மி.மீ. பிளைவுட் அல்லது பழைய அயினி மரப் பலகையை எடுத்து, இரு ஓரத்திலும் மரக்கட்டை கொடுத்து நடுப்பகுதி அந்தரத்தில் இருக்கும்படி வையுங்கள். ஒரு ஓரத்தில் ஊஃபர் ஸ்பீக்கர், மறு ஓரத்தில் வெறுங்கால். ஸ்பீக்கருக்கு அடியிலுள்ள ரப்பர் காலைக் கழற்றிவிடுங்கள், அது அதிர்வைத் தடுப்பதற்கென்றே இருப்பது. கீபோர்டின் சொந்த ஸ்பீக்கர் சிறியது, இடது கோடிச் சுரங்களின் அதிர்வு அதிலிருந்து சரியாக வராது. புளூடூத்தில் இணைத்தால் விரல் அழுத்திய பிறகு சற்றுத் தாமதித்து அதிர்வு வரும், பார்ப்பதும் உணர்வதும் ஒட்டாது. ஆக்ஸ் கேபிள்தான் சரி.

அப்பா காதுக்கருவி போடுகிறவரானால், புல்லாங்குழல், வயலின் போன்ற நீண்ட சுரங்களைக் கருவி தன் சொந்த விசில் என்று நினைத்து அடக்கப் பார்க்கும், சுரம் நடுங்கும். இசைக்கென்று தனி அமைப்பு வைத்துத் தரும்படி ஆடியாலஜிஸ்டிடம் (கேட்கும் திறன் நிபுணரிடம்) கேளுங்கள்.

பிள்ளையின் காது

இந்த வீடுகளில் அதிகம் தவறிப்போவது இதுதான். ஹெட்போனோ டிவியோ எவ்வளவு சத்தமாக இருந்தாலும் "குறை" என்று சொல்ல ஆளில்லை. ஒலியளவுக் குமிழில் நெயில் பாலிஷால் ஒரு புள்ளி வைத்து, அதைத் தாண்டக் கூடாது என்று விதியாக்கிவிடுங்கள். குழந்தைகளுக்கு உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு வாரத்துக்கு 40 மணி நேரம், 75 டெசிபெல். செண்டையும் சிங்காரி மேளமும் பக்கத்தில் 100 டெசிபெலைத் தாண்டும். பெரியவர்களுக்கே 100 டெசிபெலில் ஒரு நாளைக்கு 15 நிமிடம்தான் கணக்கு. மேளத்தில் சேரும் பிள்ளைக்குக் காதடைப்பான் கட்டாயம்.

வருடம் ஒருமுறை ஆடியோமெட்ரி (கேட்கும் திறன்) பரிசோதனை. ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் ஈ.என்.டி. பிரிவுக்குப் போகலாம். பரம்பரையாக வரும் காது கேளாமையில் சில வகை வயது கூடும்போது மெல்ல வெளிப்படும். அம்மா வழியில் பலருக்குக் காது கேளாமை இருந்தால், பிள்ளைக்கு ஜென்டாமைசின் போன்ற ஊசி போடும் முன்பே அதை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். தாய்வழி வரும் ஒருவகை மரபணு மாற்றத்தில் அந்த மருந்தே கேட்கும் திறனைப் பறித்துவிடும்.

மேடை ஏறும் நாள்

சைகை மொழிபெயர்ப்பாளருக்குப் பாடல் வரியும் பொருளும் ஒரு வாரம் முன்பே போய்ச் சேர வேண்டும். மேடையில் முதல்முறை கேட்டு யாராலும் கீர்த்தனையைச் சைகையாக்க முடியாது. அப்பா அம்மாவுக்கு முன்வரிசையில் இடம் கேளுங்கள், கீபோர்டு என்றால் விரல் தெரியும் பக்கம். மரமேடையின் ஓரத்தில் கை வைக்க முடிந்தால் இன்னும் நல்லது. ஊஃபருக்குப் பக்கத்தில் அவர்கள் உட்காரலாம், கேட்கும் தம்பி தங்கையை அங்கே உட்காரவைக்காதீர்கள். இரு கையையும் உயர்த்தி அசைப்பதுதான் காது கேளாதோரின் கைதட்டு என்று தொகுப்பாளர் தொடக்கத்திலேயே ஒரு வரி சொல்லிவிடட்டும், அரங்கம் தானாகச் சேர்ந்துகொள்ளும். பாடும்போது பிள்ளை அப்பா அம்மாவுக்குச் சைகையில் விளக்கம் சொல்ல வேண்டியிராதபடி, பாடல் வரிசையை அச்சடித்து அவர்கள் கையில் கொடுத்துவிடுங்கள்.