ஷண்டிங் எஞ்சின் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டில் மாடல் ரயிலுக்கு ஒரு பலகை போடும் அளவுக்குத்தான் இடம் என்றால், வட்டமாகச் சுற்றும் ரயிலை விட்டுவிட்டு ஒரு சின்ன ஷண்டிங் யார்டு போடுவது நல்ல முடிவு. கொஞ்ச இடத்தில் நிறைய வேலை இருக்கும். வேகன்களைப் பிரிப்பது, சேர்ப்பது, வரிசை மாற்றுவது என்று ஒரு மாலை முழுக்கப் போகும். ஆனால் அந்த யார்டுக்கு ஒரு நீராவி எஞ்சின் வாங்கும் இடத்தில் புதியவர்கள் திரும்பத் திரும்ப ஒரே மாதிரி தவறுகிறார்கள். நானும் போய்வந்த வழிதான் அது. அதனால்தான் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

நான் சொல்வது பிரிட்டிஷ் ஓஓ அளவைப் பற்றி. அசல் எஞ்சினின் ஓர் அடி, மாடலில் 4 மி.மீ.; அதாவது 1:76. ஓடுவது 16.5 மி.மீ. தண்டவாளத்தில். எச்ஓ என்ற இன்னொரு மாடல் அளவுக்கும் இதே தண்டவாளம்தான் என்பதால், மின்சாரம் சம்பந்தப்பட்ட எல்லாம் அதற்கும் அப்படியே பொருந்தும். தண்டவாளத்தைத் துடையுங்கள், எண்ணெயை அளவாக விடுங்கள் என்பதெல்லாம் பெட்டியோடு வரும் தாளிலேயே இருக்கும். இங்கே அவை வேண்டாம்.

இடம் சின்னது, அதனால் எஞ்சினும் ஆகச் சின்னது

இருப்பதிலேயே அதிகம் செலவு வைக்கும் தவறு இது. இன்றும் எனக்கு எரிச்சல் தருவதும் இதுதான், ஏனென்றால் கேட்கும்போது இது அறிவுரை போலவே இருக்கும். "சின்ன லேஅவுட்டா? அப்போ இந்தக் குட்டி எஞ்சின்தான் உங்களுக்குச் சரி" என்று விற்பவரே எடுத்துக் கொடுப்பார். நாலு சக்கரம், முதுகில் தண்ணீர்த் தொட்டி, குட்டையான புகைபோக்கி. அழகுக்குக் குறை சொல்லவே முடியாது. விலையும் மற்றவற்றைவிடக் குறைவாக இருக்கும்.

கேள்வி அழகைப் பற்றியதில்லை. அந்த எஞ்சினுக்கு மின்சாரம் எப்படிப் போகிறது என்பதுதான் கேள்வி. ஒரு தண்டவாளத்திலிருந்து சக்கரம் வழியாக ஏறும் மின்சாரம், மோட்டாரைத் தொட்டுவிட்டு மறுபக்கச் சக்கரம் வழியாக அடுத்த தண்டவாளத்தில் இறங்க வேண்டும். நாலு சக்கர எஞ்சினில் ஒரு பக்கத்துக்கு இரண்டே சக்கரம். இப்போது பாயின்ட்டை, அதாவது ஒரு தண்டவாளப் பாதை இரண்டாகப் பிரியும் இடத்தை, நினைத்துப் பாருங்கள். இரண்டு தண்டவாளங்கள் குறுக்கே வெட்டிக்கொள்ளும் அந்த மூக்குப் பகுதியை ஃபிராக் என்பார்கள். பெக்கோ நிறுவனத்தின் இன்சுல்ஃபிராக் வகைப் பாயின்ட்டில் அது பிளாஸ்டிக். அதன் மேல் நிற்கும் சக்கரத்துக்கு மின்சாரம் கிடையாது. அந்தப் பக்கத்தில் மிச்சம் ஒரே ஒரு சக்கரம். அதன் அடியில் ஒரு தூசி இருந்தால் போதும், எஞ்சின் நின்றுவிடும்.

இதோடு முடியவில்லை. சேசிஸ் விறைப்பானது, நாலு சக்கரமும் ஒரே மட்டத்தில் இருக்கும். தண்டவாளம் ஒரு மயிரிழை முறுக்கிக்கொண்டிருந்தால், சமமில்லாத தரையில் போட்ட ஸ்டூல் மாதிரி எஞ்சின் மூன்று சக்கரத்தில்தான் நிற்கும். பாயின்ட்டில் அப்படி ஒரு முறுக்கு இருப்பது சகஜம். சில எஞ்சின்களில் இழுவைக்காக ஒரு சக்கரத்திலோ இரண்டிலோ ரப்பர் டயர் மாட்டியிருப்பார்கள். ரப்பரில் மின்சாரம் பாயாது. நாலிலிருந்து அதையும் கழித்துவிட்டால் என்ன மிஞ்சும் என்று நீங்களே கணக்குப் போடலாம்.

எனக்குத் தெரிந்த ஒருவர் துறைமுக யார்டு ஒன்று போட்டார். கல் பதித்த தரையில் தண்டவாளம் புதைந்திருப்பது போல, பாயின்ட்டைச் சுற்றிலும் பிளாஸ்டர் ஊற்றி, ஒவ்வொரு கல்லாகக் கீறி, வண்ணம் அடித்து முடித்தார். அவ்வளவு நுணுக்கமான கையை நான் அதிகம் பார்த்ததில்லை. எஞ்சின் மட்டும் ஒரு நாலு சக்கரக் குட்டி. நேர்த் தண்டவாளத்தில் நன்றாக ஓடியது. பாயின்ட்டில் மெதுவாக ஏற்றினால் நின்றது. தண்டவாளத்தைத் துடைத்தார். மறுபடி நின்றது. கன்ட்ரோலர் சரியில்லை என்று யாரோ சொல்ல, விலை கூடிய கன்ட்ரோலர் வந்தது. எஞ்சினில் கோளாறு என்று இன்னொருவர் சொல்ல, அதே மாடலில் இன்னொன்று வாங்கினார். அதுவும் அதே இடத்தில் நின்றது. கடைசியில் ஃபிராக்கில் மின்சாரம் ஓடும் பாயின்ட்டாக மாற்றுவதற்காக, தன் கையால் கீறிய கற்களைத் தானே உளி வைத்துப் பெயர்த்தார். வாங்கும் நாளில் கடைக்காரர் ஒரு ஸ்கேலை எடுத்திருந்தால் இவ்வளவும் நடந்திருக்காது.

அளக்க வேண்டியது வீல்பேஸை, அதாவது முதல் அச்சுக்கும் கடைசி அச்சுக்கும் உள்ள தூரத்தை. அசல் அளவு தெரிந்தால் மாடல் அளவு உடனே வந்துவிடும். லங்காஷயர் அண்ட் யார்க்ஷயர் ரயில்வேயின் 'பக்' எஞ்சினுக்கு 5 அடி 9 அங்குலம். மாடலில் 23 மி.மீ. அவ்வளவு குறுகிய இடத்துக்குள் ஒரு பக்கத்துக்கு இரண்டு சக்கரம். இரண்டாம் உலகப் போருக்காக 1943இலிருந்து கட்டப்பட்ட ஹன்ஸ்லெட் ஆஸ்டரிட்டி ஆறு சக்கர எஞ்சின். அதற்கு 11 அடி. மாடலில் 44 மி.மீ. எல்என்இஆர் என்ற ரயில்வே நிறுவனம் 1946இல் அதில் 75 எஞ்சின்களை வாங்கி ஜே94 என்று பெயர் வைத்தது. வில்லியம் ஸ்ட்ரௌட்லி வடிவமைத்த 'டெரியர்' எஞ்சின் 1872இலிருந்து வந்தது. பார்க்கப் பொம்மை போல இருக்கும், ஆனாலும் 12 அடி, 48 மி.மீ. கிரேட் வெஸ்டர்ன் ரயில்வேயின் 57 வரிசைப் பேனியர் டேங்க் எஞ்சினுக்கு (தண்ணீர்த் தொட்டி எஞ்சினின் மேலேயே இருக்கும் வகை) 15 அடி 6 அங்குலம், 62 மி.மீ. 1929 முதல் 1950 வரை 863 கட்டப்பட்ட எஞ்சின் அது. கிரேட் வெஸ்டர்ன் யார்டு என்றால் இது இல்லாமல் முழுமையாகாது. அந்த 62 மி.மீ.கூட 438 மி.மீ. ஆர வளைவில் சிரமமில்லாமல் திரும்பும். ஆக, வளைவுக்குப் பயந்து நாலு சக்கரத்துக்குப் போக வேண்டிய அவசியமே இல்லை.

"துறைமுகம் என்றால் நாலு சக்கர எஞ்சின்தானே பொருத்தம்?" என்று கேட்பார்கள். இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் துறைமுகத்தையே பாருங்கள். 1890களிலிருந்து அங்கே வேலை செய்தவை பி4 என்ற நாலு சக்கர எஞ்சின்கள். போர் முடிந்ததும் சதர்ன் ரயில்வே அவற்றின் இடத்துக்குக் கொண்டுவந்தது, அமெரிக்க ராணுவத்துக்காகக் கட்டிய ஆறு சக்கர டேங்க் எஞ்சின்களை. 14 எஞ்சின்கள் வேலைக்கு வந்தன. வீல்பேஸ் 10 அடிதான் என்பதால் துறைமுகத்தின் கூர்மையான வளைவுகளில் அவை தடையில்லாமல் திரும்பின. அந்த வகை மாடலாகவும் வருகிறது, 40 மி.மீ. வீல்பேஸில். துறைமுகத்துக்கு இதைவிடப் பொருத்தம் வேறென்ன வேண்டும்?

நாலு சக்கர எஞ்சின் வாங்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. 2016இல் ஹார்ன்பி என்ற மாடல் நிறுவனம் வெளியிட்ட பெக்கெட் டபிள்யூ4 போன்றவை வந்த பிறகு, குட்டி எஞ்சின்களின் தரமே உயர்ந்துவிட்டது. ஆனால் அப்படி ஒன்றின் மேல் ஆசை இருந்தால், முதல் செலவு பாயின்ட்டில் இருக்கட்டும். ஃபிராக்கில் மின்சாரம் ஓடும் எலெக்ட்ரோஃபிராக் அல்லது யூனிஃபிராக் வகையை வாங்கி, பாயின்ட் திரும்பும்போது ஃபிராக்கின் மின்முனையும் கூடவே மாறும்படி ஒரு சுவிட்ச் வையுங்கள். பிளாஸ்டரையும் கல்லையும் அதற்கப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள், பாயின்ட்டையும் மாற்ற முடியாது என்றால் இரண்டு வழி உண்டு. டிசிசி என்னும் டிஜிட்டல் கட்டுப்பாட்டு முறை வைத்திருந்தால், எஞ்சினுக்குள் இருக்கும் டிகோடர் சில்லோடு சேர்த்து ஸ்டே-அலைவ் என்னும் கெப்பாசிட்டர் தொகுதியை இணைக்கலாம்; மின்சாரம் தடைபடும் அந்தக் கண நேரத்தை அது தாண்ட வைக்கும். ஆனால் குட்டி எஞ்சினின் வயிற்றில் அதற்கு இடம் கிடைப்பது அரிது. எனக்குப் பிடித்தது இரண்டாவது வழி. கிரேட் வெஸ்டர்னில் ஷண்டர்கள், அதாவது யார்டில் வேகன்களை மாட்டிக் கழற்றும் தொழிலாளர்கள், நின்றுகொண்டு போவதற்கென்றே ஒரு நாலு சக்கர வண்டி இருந்தது. ஷண்டர்ஸ் டிரக் என்பார்கள். எஞ்சினோடு மாட்டியபடியே யார்டெல்லாம் சுற்றும். அதன் சக்கரங்களில் மின்சாரம் எடுக்கும் பிக்அப் தகடுகளை வைத்து, இரண்டு மெல்லிய ஒயர்களால் எஞ்சினோடு இணைத்துவிட்டால், பக்கத்துக்கு நாலு சக்கரம் ஆகிவிடும். அசலில் இருந்த வண்டி என்பதால் பார்ப்பவர் கண்ணையும் உறுத்தாது.

விரலால் ஒரு தள்ளு தள்ளினால் ஓடுகிறதே, அதற்கு ஏன் இவ்வளவு என்று கேட்பவர்கள் உண்டு. ஷண்டிங்கின் சுகமே அந்த எஞ்சின் நடை வேகத்தில் வந்து, வேகனைத் தொட்டும் தொடாமல் தொட்டு நிற்பதில் இருக்கிறது. மேலிருந்து ஒரு விரல் இறங்கினால் அந்த உலகம் அங்கேயே கலைந்துவிடும்.

ஓடும் வேகத்தைப் பார்த்து வாங்குவது

கடையில் எஞ்சினைச் சர்ரென்று ஓட்டிக் காட்டுவார்கள். அந்த வேகத்தில் எந்த எஞ்சினும் பாயின்ட்டைத் தாண்டிவிடும். நீங்கள் பார்க்க வேண்டியது அது எவ்வளவு மெதுவாக நகர்கிறது என்பதை. யார்டில் எஞ்சின் மணிக்கு 8 கி.மீ. வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 1:76இல் அது நொடிக்கு 29 மி.மீ. அதாவது 30 செ.மீ. தூரத்தைக் கடக்க 10 நொடி ஆக வேண்டும். மனிதர் நடக்கும் 5 கி.மீ. வேகம் என்றால் 16 நொடிக்கு மேல். ஒரு ஸ்கேலும் கைபேசியும் இருந்தால் கடையிலேயே சோதித்துவிடலாம். முன்னால், பின்னால் இரண்டு பக்கமும் ஓட்டச் சொல்லுங்கள். நடுவில் நிறுத்தி, மறுபடி கிளப்பச் சொல்லுங்கள். கிளம்பும்போதே துள்ளினால் அதில் ஷண்டிங் செய்ய முடியாது. ரயில் செட்டோடு வரும் மலிவான நாலு சக்கர எஞ்சின்கள் பலவற்றில் கியர் வேகத்துக்காகவே அமைந்திருக்கும். குழந்தைகள் சுற்றி ஓட்ட அவை நல்லவை, யார்டுக்கு ஆகாது.

புதிய எஞ்சின் என்றால் ஒரு சலுகை கொடுக்கலாம். ஒவ்வொரு திசையிலும் அரை மணி நேரம் ஓடிப் பழகிய பிறகு நடை மென்மையாகும். பழகாத எஞ்சினில் சிறு தயக்கம் இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். துள்ளல் இருந்தால் வேண்டாம்.

இழுவை போதாதோ என்ற கவலை

யார்டில் இழுக்கப்போவது ஐந்து வேகன். அதை எதுவும் இழுக்கும்.

எஞ்சின் வருமுன் ஹெட்ஷன்ட்டை வெட்டுவது

ஆலன் ரைட் வகுத்த 'இங்கிள்நுக் சைடிங்ஸ்' அமைப்பைத்தான் புதியவர்கள் பெரும்பாலும் போடுகிறார்கள். இரண்டே பாயின்ட், வேகன்கள் நிற்கும் மூன்று சைடிங்குகள், ஒன்றில் ஐந்து வேகன், மற்ற இரண்டில் மும்மூன்று. எட்டு வேகன்களிலிருந்து ஐந்தைச் சீட்டுக் குலுக்கி எடுத்து, அதே வரிசையில் ரயில் சேர்க்க வேண்டும். 6,720 வரிசைகள் வரக்கூடும் என்பதால் அலுக்காது.

அந்த விளையாட்டின் உயிர் ஹெட்ஷன்ட்டின், அதாவது எஞ்சின் வேகன்களோடு போய் நின்று திரும்பும் முட்டுத் தண்டவாளத்தின், நீளத்தில் இருக்கிறது. எஞ்சினும் மூன்று வேகனும் சரியாக நிற்க வேண்டும். பேனியர் டேங்க் சுமார் 12 செ.மீ., பழைய நாலு சக்கர வேகன் ஒவ்வொன்றும் சுமார் 8 செ.மீ. ஆக 36 செ.மீ.யோடு கொஞ்சம் இடைவெளி. குட்டி எஞ்சினை நினைத்துப் பலகையை அறுத்துவிட்டால், பிறகு ஆறு சக்கர எஞ்சினுக்கு மாற நினைக்கும்போது ஒரு வேகன் வெளியே நிற்கும். புதிர் தீராது. நீளமாக விட்டுவிட்டால் நாலு வேகன் நின்று, புதிர் மிகவும் சுலபமாகிவிடும். எஞ்சின் கைக்கு வந்த பிறகு ரம்பத்தை எடுங்கள். முதலிலேயே பலகையை அறுத்துத்தான் ஆக வேண்டும் என்றால் பேனியரின் நீளத்துக்கு அறுங்கள். சின்ன எஞ்சின் வந்தால் தடுப்புக் கட்டையை முன்னே நகர்த்திக்கொள்ளலாம்.

முன்பக்கக் கப்ளிங்

வேகனை மாட்டும் அந்தக் கொக்கி இருக்கிறதா என்று பாருங்கள். சிலவற்றில் பின்னால் மட்டும்தான் மாட்டியிருக்கும், முன்னால் இருக்க வேண்டியது பெட்டிக்குள் ஒரு பையில் கிடக்கும். காந்தத்தால் கழற்ற நினைப்பவர்கள் இரண்டு முனையிலும் கப்ளிங்கைச் செருகும் என்இஎம் பாக்கெட் இருக்கும் எஞ்சினாக எடுங்கள். காந்தத்தால் கழலும் கேடி கப்ளிங்கை அப்படியே செருகிவிடலாம்.

டெண்டர் எஞ்சினை யார்டுக்குக் கொண்டுவருவது

பிரிட்டனில் ஷண்டிங் வேலையைப் பெரும்பாலும் டேங்க் எஞ்சின்கள் பார்த்ததற்குக் காரணம் உண்டு. தண்ணீரும் நிலக்கரியும் எஞ்சின் மேலேயே இருப்பதால் எடை முழுவதும் ஓட்டும் சக்கரத்தின் மேல் விழும். பின்னால் போகும்போது பார்வையும் மறையாது. அமெரிக்காவில், தண்ணீரும் நிலக்கரியும் சுமந்து எஞ்சினின் பின்னால் வரும் டெண்டரோடு ஷண்டிங் செய்தார்கள். ஆனால் அந்த டெண்டரின் பின்பக்கத்தைச் சரிவாகவே கட்டினார்கள், ஓட்டுநருக்குப் பின்னால் தெரிய வேண்டும் என்று. நம் 36 செ.மீ. ஹெட்ஷன்ட்டில் டெண்டருக்கு இடமும் இல்லை.

பழைய எஞ்சினை ஓட்டிப் பார்க்காமல் வாங்குவது

பழையது வாங்குவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. நல்ல ஷண்டிங் எஞ்சின்கள் பலவும் இப்போது பழையதாகத்தான் கிடைக்கின்றன. ஆனால் ஓட்டும்போது காதை வைத்துக் கேளுங்கள். சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும்போதெல்லாம் ஒரு 'டிக்' சத்தம் வந்தால், அச்சில் இருக்கும் பிளாஸ்டிக் கியர் விரிசல் விட்டிருக்கலாம். இணைப்புத் தண்டுகள் ஒரே இடத்தில் இடறினால், சக்கரங்கள் அச்சில் நழுவி, இரண்டு பக்கத்துக்கும் இருக்க வேண்டிய கால் சுற்று வித்தியாசம் கெட்டிருக்கும். புதியவர் கையால் அதைச் சரிசெய்வது கடினம். போருக்கு முந்தைய உலோக வார்ப்பு என்றால் சேசிஸில் மெல்லிய வெடிப்புகள் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். கலப்படத் துத்தநாகம் உள்ளிருந்தே உப்பி உடையும்; அதற்கு மருந்து கிடையாது. கடைசியாக, சக்கரங்களின் உள்முகங்களுக்கு இடையே 14.5 மி.மீ. இருக்கிறதா என்று அளந்துவிடுங்கள். குறைந்தால் பாயின்ட்டில் ஏறி இறங்கும்.

பழைய கன்ட்ரோலர்

எஞ்சினில் இருப்பது கோர்லெஸ் (உள்ளே இரும்பு மையம் இல்லாத) மோட்டாரா என்று கேளுங்கள். ஆம் என்றால், மோட்டாரின் வேகத்தைத் தானே சரிசெய்யும் பழைய ஃபீட்பேக் கன்ட்ரோலரில் அதை மாட்ட வேண்டாம். மோட்டார் சூடாகிக் கெட்டுப்போகும்.