மாடல் டி சைலன்சருக்கு மறுவாழ்வு

ஃபோர்டு மாடல் டி என்ற பழைய காரின் சைலன்சரில் முதலில் போவது தகடுதான். குறுகிய ஓட்டங்களில் புகையிலுள்ள நீராவி உள்ளேயே தண்ணீராகி அரித்துவிடும். என் வண்டியிலும் ஒன்றுக்குள் ஒன்றாக இருந்த குழல்கள் எல்லாம் சல்லடை, முனை மூடிகள் வார்ப்பிரும்பு என்பதால் தப்பித்தன.

நட்டுகளைச் சூடாக்கி, ஆறவிட்டு, எண்ணெய் விட்டுக் கழற்றினேன். மூடிகளின் துருவை மின்பகுப்பில்தான் (கரைசலில் மூழ்கவைத்து மின்சாரம் பாய்ச்சும் முறை) எடுத்தேன், ஏனென்றால் கிரைண்டர் வைத்தால் குழல் உட்காரும் வட்டப் பள்ளம் தேய்ந்துபோகும், அப்புறம் ஒரிஜினல் மூடி இருந்தும் பயனில்லை. பழைய குழல்களை அளவாக வைத்துப் புதுத் தகட்டில் ஓட்டை போட்டேன் (சலிப்பான வேலை). வெல்டிங் தேவையில்லை, பழைய நீளக் கம்பிகளே மொத்தத்தையும் இறுக்கிப் பிடிக்கின்றன.

ஆரம்பகால வண்டி என்றால் மேலே ஆஸ்பெஸ்டாஸ் சுற்றியிருக்கும், அதன் தூசு நுரையீரலுக்கு ஆபத்து, அதனால் அதை எடுக்கும் வேலையை அது தெரிந்தவரிடம் விடுங்கள்.