அல்பிரசோலம் போடும்போது ஆன்டிபயாட்டிக் வந்தால்

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் கிளினிக்கிலேயே மருந்தும் கொடுத்துவிடுவதால், நம் மாத்திரைப் பட்டியல் பார்மசிஸ்ட் கண்ணில் படாமலே போகலாம். அதனால் பதற்றத்துக்குப் போடும் அல்பிரசோலம் மாத்திரை அட்டையையே டாக்டரிடம் காட்டிவிடுவேன். எனக்குக் கைகொடுத்த வழி இதுதான்.

கிளாரித்ரோமைசின், எரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்குகள் இரண்டும் அல்பிரசோலத்தை உடைக்கும் கல்லீரல் நொதியை முடக்கும். மருந்து ரத்தத்தில் தேங்கி, பகலிலும் தூக்கம், தள்ளாட்டம், நாக்குக் குழறல் வரும். எழுப்பியும் எழவில்லை, மூச்சு மந்தம் என்றால் உடனே அவசர எண் 999-ஐ அழையுங்கள். ஆன்டிபயாட்டிக்கையும் அல்பிரசோலத்தையும் சில மணி நேரம் இடைவெளி விட்டுப் போட்டாலும் பயனில்லை, நொதி நாள் முழுக்க முடங்கித்தான் இருக்கும்.

அமாக்சிசிலின் என்ற ஆன்டிபயாட்டிக்கில் இந்தச் சிக்கல் இல்லை. அது பெனிசிலின் வகை என்பதால், பெனிசிலின் ஒவ்வாமை இருந்தால் மட்டும் முதலிலேயே சொல்லுங்கள். பயந்துபோய் அல்பிரசோலத்தைத் திடீரென நிறுத்தாதீர்கள், தினமும் போடுபவருக்கு வலிப்பே வரலாம். எதை மாற்றுவது, எதைக் குறைப்பது என்பதை டாக்டரே முடிவு செய்யட்டும்.