மருத்துவச் செலவை அரசு ஏற்க வேண்டுமா? உருப்படியாக வாதிட ஒரு வழிகாட்டி

"வைத்தியச் செலவை அரசே ஏற்கணும்" என்று ஒருவர் சொல்வார். "என் வரிப்பணத்தில் அடுத்தவருக்கு ஏன் வைத்தியம்?" என்று இன்னொருவர் கேட்பார். அதற்குப் பிறகு பெரும்பாலும் சத்தம்தான் மிஞ்சும். நான் பல வருடங்கள் மருத்துவமனை பில்லிங் பிரிவில் வேலை பார்த்தவள். இந்த இரண்டு வகை மனிதர்களுக்கும் டிஸ்சார்ஜ் பில் போட்டுக் கொடுத்திருக்கிறேன். இந்த வாதத்தை எப்படி நடத்தினால் இருவரும் எதையாவது தெரிந்துகொண்டு எழுந்து போகலாம் என்று எனக்கு ஒரு யோசனை உண்டு. அதைத்தான் எழுதுகிறேன்.

எனக்கும் ஒரு பக்கம் உண்டு, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நோயாளி ஸ்ட்ரெச்சரில் கிடக்கும்போது அவருடைய குடும்பத்தால் விலை பேச முடியாது. அதனால் உடம்பு நன்றாக இருக்கும் காலத்திலேயே எல்லோரிடமும் பணம் திரட்டி வைக்க வேண்டும் என்று நம்புகிறேன். எல்லோரையும் அதில் சேர்க்கும் அதிகாரம் அரசுக்கு மட்டும்தான் இருக்கிறது. நீங்கள் எதிர்ப்பக்கம் என்றாலும் கீழே உள்ளவை உங்களுக்கும் உதவும்.

முதலில் கேள்வியை நான்காக உடையுங்கள்

"அரசா, தனியாரா" என்று ஆரம்பித்தால் பேச்சு எங்கும் போகாது. அதற்குப் பதிலாக எதிரில் இருப்பவரிடம் இந்த நான்கையும் தனித்தனியாகக் கேளுங்கள். பணம் யாரிடமிருந்து வசூலாக வேண்டும்? மருத்துவமனையை யார் நடத்த வேண்டும்? எந்தெந்தச் சிகிச்சைக்குப் பணம் உண்டு? "இதற்குக் கிடையாது" என்று சொல்லும் அதிகாரம் யாரிடம் இருக்க வேண்டும்?

ஒரு கேள்விக்கு "அரசு" என்று பதில் சொன்னவர் மற்ற மூன்றுக்கும் அதையே சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. நாடுகளைப் பார்த்தாலே இது தெரியும். பிரிட்டனில் 1948 ஜூலை 5 அன்று என்ஹெச்எஸ் என்ற தேசிய மருத்துவச் சேவை தொடங்கியபோது மருத்துவமனைகளை அரசே எடுத்துக்கொண்டது. செலவு முக்கியமாக வரிப்பணத்திலிருந்து வந்தது. கனடாவில் பணம் அரசுடையது, ஆனால் டாக்டர்களில் பெரும்பாலோர் சொந்தமாகத் தொழில் செய்பவர்கள். தைவான் 1995-இல் நாடு முழுவதற்கும் ஒரே அரசுக் காப்பீட்டைக் கொண்டுவந்தது. அங்கே மருத்துவமனைகளில் பெரும்பாலானவை தனியாருடையவை. சுவிட்சர்லாந்தில் 1996 முதல் எல்லோரும் கட்டாயமாகத் தனியார் காப்பீடு வாங்க வேண்டும். அடிப்படைத் திட்டத்தில் அந்த நிறுவனங்கள் லாபம் பார்க்கக் கூடாது, யாரையும் வேண்டாம் என்று திருப்பி அனுப்பவும் கூடாது.

"அவரவர் செலவை அவரவர் பார்த்துக்கொள்ளும் நாடு" என்று சிங்கப்பூரைக் காட்டுபவர்கள் உண்டு. 1984-இல் அங்கே வந்த மெடிசேவ், ஒருவருடைய சம்பளத்திலிருந்து அவருடைய, அவர் குடும்பத்தாருடைய மருத்துவத்துக்காகவே பிடித்துவைக்கும் கணக்கு. அது கட்டாயப் பிடித்தம் என்பதையும், பெரிய மருத்துவமனைகளில் பல அரசுடையவை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அப்போது உதாரணம் முழுசாக இருக்கும்.

கட்சிச் சாயத்தைக் கழற்றி வையுங்கள்

"இது இடதுசாரி யோசனை" என்று யாராவது ஆரம்பித்தால் 1883-ஐ நினைவுபடுத்துங்கள். தொழிலாளர்களுக்குக் கட்டாய நோய்க் காப்பீட்டைச் சட்டமாக்கியவர் அன்றைய ஜெர்மனி அரசை நடத்திய சான்சலர் பிஸ்மார்க். சோசலிஸ்டுகளைத் தடைச்சட்டம் போட்டு ஒடுக்கியவரும் அவர்தான். தொழிலாளி மூன்றில் இரண்டு பங்கு, முதலாளி ஒரு பங்கு கட்டுவது அன்றைய ஏற்பாடு.

அமெரிக்காவில் இதைவிடத் தெளிவாகத் தெரியும். எல்லோரும் காப்பீடு வாங்கியே ஆக வேண்டும் என்ற யோசனையை 1989-இல் முன்வைத்தது ஹெரிடேஜ் ஃபவுண்டேஷன், அதாவது பழமைவாதிகளின் ஆய்வு மையம். 2006-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் அதைச் சட்டமாக்கிக் கையெழுத்திட்டவர் குடியரசுக் கட்சி கவர்னர் மிட் ராம்னி. அதே கட்டாயத்தை உள்ளடக்கிய ஒபாமாவின் சட்டம் 2010-இல் நிறைவேறியபோது குடியரசுக் கட்சி உறுப்பினர் ஒருவர்கூட ஆதரித்து வாக்களிக்கவில்லை. காப்பீடு வாங்காதவருக்கு அந்தச் சட்டம் விதித்த அபராதத்தை 2012-இல் உச்ச நீதிமன்றம் ஒரு வரியாகக் கருதிச் செல்லும் என்றது; 2019 முதல் அபராதத் தொகையைச் சுழியமாக்கிவிட்டார்கள். யோசனை அதேதான், கொண்டுவந்தவர் மாறியதும் நிலைப்பாடும் மாறிவிட்டது. அதனால் வாதத்தில் கட்சித் தலைவர் பெயரைச் சொல்லாமல் திட்டத்தை மட்டும் விவரியுங்கள். "யார் கொண்டுவந்தது?" என்று கேட்டால், கடைசியில் சொல்கிறேன் என்று சொல்லுங்கள்.

ஒரு பில்லை நடுவில் வையுங்கள்

எனக்கு மிகவும் பிடித்த வழி இதுதான். கொள்கையை ஓரமாக வைத்துவிட்டு ஒரு ஆஸ்பத்திரி பில்லை எடுங்கள். பெயரை மறைத்துவிடுங்கள். ரூம் ரெண்ட், டாக்டர் விசிட், லேப், ஸ்கேன், ஓ.டி. (ஆபரேஷன் தியேட்டர்) சார்ஜ், பார்மசி, அப்புறம் கன்ஸ்யூமபிள்ஸ் என்று கையுறை, சிரிஞ்ச், பஞ்சு வரை வரிசையாக இருக்கும். ஒவ்வொரு வரிக்கும் எதிரில் "யார் கொடுக்கணும்?" என்று இருவரும் தனித்தனியாக எழுதுங்கள். எழுதி முடித்த பிறகு தாள்களை மாற்றிப் பாருங்கள். தனி அறையின் வாடகையை அரசு கொடுக்கணும் என்று எழுதுபவர் குறைவு. அவசர அறுவை சிகிச்சையை நோயாளியின் தலையில் கட்டுபவரும் குறைவு. சண்டை எந்தெந்த வரியில் இருக்கிறது என்று அப்போது தெரிந்துவிடும்.

அடுத்து அதே தாளில் மூன்று நோயாளிகளை எழுதுங்கள். நள்ளிரவில் குடல்வால் வெடித்து வருபவர் ஒருவர். ஆறு மாதம் யோசித்து முழங்கால் மூட்டு மாற்ற வருபவர் இன்னொருவர். மூன்றாவது, பிறவியிலோ சிறுவயதிலோ வந்த சர்க்கரை நோய்க்கு வாழ்நாள் முழுக்க இன்சுலின் போட வேண்டியவர்.

சந்தைதான் சரி என்பவருக்கு முழங்கால் நல்ல உதாரணம். நாலு இடத்தில் விசாரிக்கலாம், பேக்கேஜ் விலை கேட்கலாம், தள்ளிப்போடலாம். இதை நான் மறுக்க மாட்டேன். குடல்வால்காரருக்கு இது எதுவும் முடியாது. பொருளாதார அறிஞர் கென்னத் ஆரோ 1963-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையின் மையமும் இதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது: நோய் எப்போது வரும் என்றும் தெரியாது, எந்தச் சிகிச்சை பலிக்கும் என்றும் தெரியாது, டாக்டருக்குத் தெரிந்த அளவு நோயாளிக்குத் தெரியாது.

இன்சுலின்காரரிடம் கொஞ்சம் அதிக நேரம் நில்லுங்கள். வரலாம், வராமலும் போகலாம் என்ற ஆபத்துக்குத்தான் காப்பீடு. இவருடைய செலவோ நிச்சயமாக வரும். தனியார் நிறுவனம் கணக்குப் பார்த்தால் அவருக்கு மிக அதிக பிரீமியம் கேட்கும், இல்லாவிட்டால் மறுத்துவிடும். மறுக்கக் கூடாது என்று சட்டம் போட்டால், உடம்பு நன்றாக இருப்பவர்கள் நோய் வந்த பிறகு சேர்ந்துகொள்ளலாம் என்று வெளியே நிற்பார்கள். அவர்கள் வெளியே நின்றால் உள்ளே இருப்பவர்களின் பிரீமியம் ஏறும், ஏறினால் இன்னும் சிலர் விலகுவார்கள். இதைத் தடுக்கத்தான் கட்டாயம், அல்லது வரி. எதிர்ப்பக்கத்தார் இங்கே வேறு வழி வைத்திருந்தால் அதைப் பொறுமையாகக் கேளுங்கள். நோய் முற்றியவர்களுக்கு மட்டும் தனியாக மானிய நிதி என்று சிலர் சொல்வார்கள். அந்த நிதிக்கு வருடா வருடம் எவ்வளவு, யார் தருவது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

"முடியாது" என்று சொல்பவர் எல்லா ஏற்பாட்டிலும் உண்டு

அரசு பணம் தந்தால் காத்திருக்க வேண்டும், அதிகாரி முடிவு செய்வார் என்பது எதிர்ப்பக்கத்தின் வலுவான வாதம். அரசை ஆதரிப்பவர் இதை மழுப்பக் கூடாது. 2005-இல் கனடாவின் உச்ச நீதிமன்றம் கியூபெக் மாகாணத்து வழக்கொன்றில், காத்திருப்போர் பட்டியலில் இடம் கிடைப்பது சிகிச்சை கிடைப்பதாகாது என்ற பொருளில் சொன்னது. பிரிட்டனில் கட்டணமே வாங்கக் கூடாது என்ற கொள்கை மூன்றே ஆண்டுகளில் முட்டிக்கொண்டது. 1951-இல் பல்செட்டுக்கும் மூக்குக்கண்ணாடிக்கும் தொழிற்கட்சி அரசே கட்டணம் வைத்தபோது, என்ஹெச்எஸ்ஸை உருவாக்கிய அமைச்சர் அனைரின் பெவன் பதவி விலகினார்.

ஆனால் தனியார் காப்பீட்டிலும் "முடியாது" உண்டு, அதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். நோயாளி உடை மாற்றிப் பையைக் கட்டி உட்கார்ந்திருப்பார். அப்ரூவல் வந்திருக்காது. மாறாக ஒரு கேள்வி வரும்: மூன்றாவது நாள் தங்கியதற்கு டாக்டர் காரணம் எழுதித் தர வேண்டும். டாக்டர் ஆபரேஷனில் இருப்பார். மகன் கவுன்டருக்கும் அறைக்குமாக நடப்பார். கடைசியில் பாதித் தொகைக்கு அனுமதி வரும். கையிலிருந்து பணம் கட்டும் நோயாளிக்கோ, "முடியாது" என்று அவருடைய பர்ஸே சொல்லிவிடும்.

ஆகவே கேட்க வேண்டியது இதுதான்: மறுக்கும் காரணம் எழுத்தில் வெளியே தெரிகிறதா, அதை எதிர்த்து எங்கே மேல்முறையீடு செய்யலாம்? அரசு, தனியார் இரண்டையும் இதே அளவுகோலில் நிறுத்துங்கள். பிரிட்டன் இதற்கென்றே 1999-இல் நைஸ் என்ற அமைப்பைத் தொடங்கியது. எந்த மருந்து கொடுக்கும் விலைக்குத் தகும் என்று பார்த்து, காரணத்தோடு வெளியிடுவது அதன் வேலை. மறுப்பு மறுப்புதான், ஆனால் வாசித்துப் பார்த்துச் சண்டை போடலாம்.

ஆய்வை முழுசாகச் சொல்லுங்கள்

2008-இல் அமெரிக்காவின் ஆரிகான் மாநிலம் ஏழைகளுக்கான மெடிகெய்ட் காப்பீட்டை எல்லோருக்கும் தரப் பணமில்லாமல் குலுக்கல் நடத்தியது. கிடைத்தவர்களையும் கிடைக்காதவர்களையும் ஒப்பிட்டார்கள். முதல் இரண்டு ஆண்டுகளில் ரத்த அழுத்தம், கொழுப்பு, சர்க்கரை அளவுகளில் உறுதியாகச் சொல்லும்படி முன்னேற்றம் தெரியவில்லை. மனச்சோர்வு குறைந்தது. குடும்பத்தைக் கவிழ்க்கும் அளவுக்கான மருத்துவச் செலவு ஏறக்குறைய மறைந்தது. அவசரப் பிரிவுக்கு வருவோர் கூடினார்கள், குறையவில்லை. இதில் ஒரு பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு பேசுபவர் இரண்டு பக்கமும் உண்டு. 1970-களில் அமெரிக்காவின் ராண்ட் ஆய்வு நிறுவனம் தொடங்கிய காப்பீட்டுப் பரிசோதனையும் இப்படித்தான். கையிலிருந்து கொஞ்சம் கட்ட வைத்தால் மக்கள் மருத்துவரிடம் போவது குறைகிறது, சராசரி ஆளின் உடல்நலம் பெரிதாகக் கெடவில்லை. ஆனால் தேவையற்ற சிகிச்சையோடு தேவையான சிகிச்சையையும் விட்டுவிடுகிறார்கள். ரத்த அழுத்தமுள்ள ஏழைகளுக்கு இலவசச் சிகிச்சை நன்மை செய்தது. உங்கள் பக்கத்துக்கு எதிரான பாதியை நீங்களே முதலில் சொல்லுங்கள். எதிரில் இருப்பவரும் தன் பக்கத்துப் பாதியை எடுத்து வைக்க வாய்ப்பு அதிகம்.

பேசும்போது எதிரில் இருப்பவர் வீட்டில் யாராவது படுக்கையில் இருக்கிறார்களா என்பதை முன்பே தெரிந்துகொள்ளுங்கள். இருந்தால் அன்றைக்கு வாதம் வேண்டாம். அவருடைய கிளைம் படிவத்தை நிரப்பிக் கொடுப்பது உபயோகமான வேலை.

தேர்தல் நேரத்தில் வேட்பாளர் கூட்டத்துக்குப் போனால் "எல்லோருக்கும் சிகிச்சை தருவீர்களா?" என்று கேட்காதீர்கள். எல்லோரும் ஆம் என்பார்கள். எந்த வரி கூடும் அல்லது எந்தச் செலவு குறையும், எந்தச் சிகிச்சை பட்டியலில் இல்லை, மருத்துவமனைக்குப் பணம் எத்தனை நாளில் போய்ச் சேரும் என்று கேளுங்கள். மூன்றாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். பணம் பல மாதம் இழுத்தால் மருத்துவமனை அந்தத் திட்டத்து நோயாளிக்கு "பெட் இல்லை" என்று சொல்ல ஆரம்பிக்கும். அட்டை கையில் இருந்தும் அவர் வேறு ஆஸ்பத்திரி தேடி அலைய வேண்டியிருக்கும்.