கடனட்டை வழக்கு வந்தால் எதில் கோட்டை விடுகிறோம்?

கடனட்டைக் காசு நிலுவையில் நின்றால் யாழ்ப்பாணத்தில் ஆளை முதலில் வதைப்பது வழக்கல்ல, அயலுக்குத் தெரிந்துவிடுமே என்ற கூச்சம். அறவிடும் முகவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். வேலையிடத்துக்கு அழைப்பார்கள், படலையில் வந்து நிற்பார்கள், “பொலிஸில் கொடுப்போம்” என்பார்கள். கடனட்டை நிலுவை குடியியல் விவகாரம். அதை அறவிட்டுக் கொடுப்பது பொலிஸின் வேலையல்ல. ஆனால் இந்தச் சத்தத்துக்கே பயந்து களைத்துப்போனவர், உண்மையில் பயப்பட வேண்டிய கடதாசி வரும்போது அதையும் பத்தோடு பதினொன்றாக மேசை லாச்சிக்குள் போட்டுவிடுகிறார். நீதிமன்ற அழைப்பாணைதான் அந்தக் கடதாசி.

அதற்கு முன் வங்கியின் சட்டத்தரணியிடமிருந்து கோரிக்கைக் கடிதம் வரும். அதற்கும் பேசாமல் இருப்பது நல்லதல்ல. வியாபாரக் கொடுக்கல் வாங்கலில் கடிதத்துக்குப் பதில் போடாததை ஒப்புக்கொண்டதாகவே வாதிட இடமுண்டு.

சரி, அழைப்பாணை வந்துவிட்டது. “வழக்குத் தவணையன்று போய் நின்று நீதிபதி ஐயாவிடம் என் நிலைமையைச் சொன்னால் விளங்கிக்கொள்வார்” என்று நம்மவர் பலர் நினைக்கிறார்கள். இதுதான் பெரிய தவறு. 1990ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடன் அறவிடல் (விசேட ஏற்பாடுகள்) சட்டத்தின் கீழ் வங்கி வழக்குப் போட்டிருந்தால் விசாரணை தலைகீழாக ஓடும். வங்கி தன் சத்தியக்கடதாசியையும் (சத்தியம் செய்து எழுதிக் கொடுக்கும் கூற்று) ஒப்பந்தத்தையும் காட்டியதுமே, உங்களைக் கேளாமல் நீதிமன்றம் ஒரு தீர்ப்பை எழுதிவிடலாம். ‘டிக்ரீ நைசை’ என்று சட்டத்தரணிகள் சொல்வது இதைத்தான். நீங்கள் வந்து தகுந்த காரணம் காட்டாவிட்டால் அது அப்படியே முடிந்த தீர்ப்பாகிவிடும். காரணம் காட்டுவதற்கே முதலில் அனுமதி கேட்கவேண்டும், அதையும் சத்தியக்கடதாசியோடு கேட்கவேண்டும், அதில் வங்கியின் கோரிக்கையை நேராகத் தொட்டுப் பதில் சொல்லவேண்டும்.

“வேலை போய்விட்டது, பிள்ளைகள் படிக்கிறார்கள்” என்பது உண்மையாக இருக்கலாம், எதிர்வாதமாகாது. “கடனட்டையின் இந்த மாதக் கணக்குக் கூற்றில் உள்ள இந்தச் செலவு என்னுடையதல்ல”, “நான் கட்டிய இந்தத் தொகை வரவு வைக்கப்படவில்லை”, “இந்தக் கட்டணத்துக்கு ஒப்பந்தத்தில் இடமில்லை” என்பவைதான் எதிர்வாதம். அது பலவீனமாகத் தெரிந்தால், ஒரு தொகையைக் கட்டு அல்லது பிணை வை, பிறகு வாதாடு என்று நீதிமன்றம் சொல்லவும் கூடும். ஆகவே வழக்குக்கு முன்பே மாதக் கூற்றுகளைச் சேர்த்து, வட்டியையும் தாமதக் கட்டணத்தையும் தனித்தனியே எழுதிப் பாருங்கள். மொத்தத் தொகையைப் பார்த்து மலைப்பவர்கள்தான் அதிகம், கூட்டிப் பார்ப்பவர்கள் குறைவு. அதற்காக “எனக்குக் கார்டே இல்லை” என்று சத்தியக்கடதாசியில் பொய் எழுதிவிடாதீர்கள், அது வேறு குற்றம்.

1994ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி 1990ஆம் ஆண்டுச் சட்டத்தின் இந்த வழி 150,000 ரூபாய்க்குக் குறைந்த கடனுக்கு இல்லை. கடன் கொடுக்கும் நிறுவனங்களுக்கே உரியது என்பதால் முகவர் தன் பெயரில் இதைப் பாவிக்கவும் முடியாது. வழக்காளி யார், எந்தச் சட்டம், எந்த ஊர் நீதிமன்றம் என்று முதல் பக்கத்திலேயே பாருங்கள்.

சாதாரண வழக்காக இருந்தாலும் போகாமல் விட்டால் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பு வரும். அந்தத் தீர்ப்பாணை கையில் கிடைத்து 14 நாட்களுக்குள், வராததற்கு நியாயமான காரணத்தைக் காட்டி நீக்கக் கேட்கலாம். “கனடாவிலிருந்து மகன் வரட்டும், பார்ப்போம்” என்றிருந்தால் அந்த 14 நாளும் போய்விடும்.

இன்னொரு பொறி இனிப்பாக வரும். “அண்ணை, சும்மா ஒரு இரண்டாயிரம் கட்டுங்கோ, மேலிடத்துக்குக் காட்டத்தான்.” எழுத்து ஒப்பந்தக் கடனுக்கு 6 ஆண்டும், எழுத்தில்லாததற்கு 3 ஆண்டும் வழக்குப் போடும் காலமாக 1871ஆம் ஆண்டின் காலாவதிச் சட்டம் வைத்திருக்கிறது. பழைய கடனில் ஒரு சிறு தொகை கட்டினாலும், கடனை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டாலும் அந்தக் காலக் கணக்கு புதிதாக ஓடத் தொடங்கலாம். காலம் கடந்துவிட்டது என்பதை நீங்களேதான் எழுதிக் கேட்கவேண்டும், நீதிமன்றம் தானாகத் தேடிக் கொடுக்காது.

அதைவிட மோசமானது, முகவர் கேட்டார் என்று பின்னால் வரும் ஒரு திகதியைப் போட்டுக் கொடுக்கும் பின்திகதியிட்ட காசோலை. அதே 1990ஆம் ஆண்டுச் சட்டத்தில், கணக்கில் பணமில்லை என்று தெரிந்தே காசோலை எழுதுவது சிறைத்தண்டனை வரை போகக்கூடிய குற்றம். பொலிஸ் பார்க்கத் தேவையில்லாத கடனை நாமே பொலிஸ் விவகாரமாக்கிக் கொடுத்துவிடுகிறோம்.

தவணைமுறையில் கட்ட இணங்கினால் அதை எழுத்தில் வாங்குங்கள். வழக்குப் போட்ட பிறகென்றால், இணக்கத்தை நீதிமன்றத்திலேயே பதிய வையுங்கள். “கேஸ் முடிஞ்சுது, வரத் தேவையில்லை” என்று முகவர் தொலைபேசியில் சொன்னாலும் வழக்குத் தவணைக்குப் போங்கள். தொல்லை கொடுத்தால் மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்துக்கு முறையிடலாம், ஆனால் முறைப்பாடு போட்டதால் வழக்குத் தவணை நிற்காது.

சட்டத்தரணிக்குக் கொடுக்கக் காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவுக்கு யாழ்ப்பாணத்திலும் அலுவலகம் இருக்கிறது. வருமானத்தைப் பார்த்து உதவுவார்கள். தவணைக்கு முதல்நாள் ஓடாமல், அழைப்பாணை கிடைத்த வாரமே போங்கள். அழைப்பாணையோடு வந்த ஒவ்வொரு தாளையும், அது கையில் கிடைத்த திகதியைக் குறித்து, உறையையும் சேர்த்துக் கொண்டுபோங்கள்.