அமெரிக்கப் பாட்டியின் பிறந்த வீட்டைத் தேட ஒரு வழி

கல்யாணம் ஆனதும் கணவரின் குடும்பப் பெயருக்கு மாறிவிடுவதால், 19ஆம் நூற்றாண்டு அமெரிக்கப் பெண் ஒருவரின் பிறந்த வீட்டைக் கண்டுபிடிப்பதுதான் பெரிய தலைவலி. 1840 வரையிலான மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் குடும்பத் தலைவர் பெயர் மட்டும் இருக்கும். மற்றவர்கள் வெறும் எண்ணிக்கை. 1850இல்தான் அடிமைகளாக இல்லாத எல்லோருடைய பெயரும் ஏறியது.

அதனால் கடைசிக் காலத்திலிருந்து பின்னோக்கிப் போங்கள். 1900 கணக்கெடுப்பில் பிறந்த மாதம், வருடம், மணமாகி எத்தனை ஆண்டு, பெற்ற பிள்ளைகள் எத்தனை, உயிரோடு இருப்பவர்கள் எத்தனை என்பதெல்லாம் உண்டு. கல்யாண வருடத்தைக் கணக்குப் போட்டு, அவர்கள் இருந்த கவுண்ட்டியின் (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) திருமணப் பதிவைத் தேடலாம். 1890 கணக்கெடுப்பை நம்பாதீர்கள். 1921இல் வாஷிங்டனில் பிடித்த தீயில் பெரும்பகுதி பாழாகிவிட்டது.

கணவர் உள்நாட்டுப் போரில் வடக்குப் படையில் இருந்தாரா? சரி, அப்படியானால் தேசிய ஆவணக் காப்பகத்தில் விதவை ஓய்வூதியக் கோப்பு இருக்கிறதா என்றுதான் நான் முதலில் பார்ப்பேன். கல்யாணம் நடந்ததை அந்தப் பெண் நிரூபிக்க வேண்டியிருந்ததால், தேதி, ஊர், பழைய குடும்பப் பெயர், அக்கம்பக்கத்தார் சாட்சியம் வரை அதில் கிடைக்கலாம்.

அப்புறம், பிள்ளைகளின் நடுப்பெயரையும் கவனியுங்கள். பல வீடுகளில் அது அம்மாவின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயராக இருக்கும்.