வெண்டையில் ஆரம்பியுங்கள்: வீட்டிலேயே விதை எடுத்து வைப்பது எப்படி?

ஆடி பிறந்ததும் கடைக்கு ஓடி விதைப் பாக்கெட் வாங்கி, விதைத்து, காய்த்ததைச் சாப்பிட்டு முடித்து, அடுத்த ஆடிக்கு மறுபடி அதே கடை வாசலில் நிற்கிற ஆளா நீங்கள்? நானும் பல வருடம் அப்படித்தான் இருந்தேன். விதை எடுப்பதெல்லாம் பெரிய விவசாயி வேலை, பத்துத் தொட்டி வைத்திருக்கிற நமக்கு எதற்கு என்று ஒரு நினைப்பு. செய்து பார்த்தால் இதில் பாதி வேலை சும்மா இருப்பதுதான். பறிக்க வேண்டிய காயைப் பறிக்காமல் செடியிலேயே விட வேண்டும், அவ்வளவு. அந்த மனசு வருவதுதான் கஷ்டம்.

எதற்கு மெனக்கெட வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது ஒரு காட்டு நெல்லின் கதை. ஐஆர் 8 என்ற குட்டை நெல்லின் வழி வந்த ரகங்கள் ஆசியா முழுக்கப் பரவியிருந்த 1970களில், புகையான் பூச்சி பரப்பும் ஒரு வைரஸ் நோய் பயிரைப் புல் மாதிரிக் குட்டையாக்கி, கதிரே விடாமல் செய்துகொண்டிருந்தது. பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் தன் சேமிப்பில் இருந்த ஆயிரக்கணக்கான நெல்லைச் சோதித்துப் பார்த்ததில், நோயைத் தாங்கியது உத்தரப் பிரதேசத்தில் சேகரித்த ஒரைசா நிவாரா என்ற காட்டு நெல்லின் ஒரே ஒரு சேகரிப்புதான். களை என்று யாரோ பிடுங்கிப் போட்டிருக்கக்கூடிய புல். அதன் குணத்தைச் சேர்த்து வளர்த்தெடுத்த ஐஆர் 36, 1976இல் வெளிவந்து, சில ஆண்டுகளிலேயே உலகில் மிக அதிகப் பரப்பில் விளைந்த நெல் ரகமாகிவிட்டது.

அதான் பெரிய விதை வங்கிகள் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. நார்வேயின் ஸ்வால்பார்டில் 2008இல் திறந்த கிடங்கில் பூஜ்யத்துக்குக் கீழே 18 டிகிரி குளிரில் 13 லட்சத்துக்கும் அதிகமான விதை மாதிரிகள் தூங்குகின்றன. சிரியப் போரில் அலெப்போ அருகே இருந்த இக்கார்டா என்ற வறண்ட நில வேளாண் ஆராய்ச்சி மையத்தில் வேலை நின்றபோது, அதன் விஞ்ஞானிகள் ஸ்வால்பார்டில் கொடுத்து வைத்த விதையை 2015இல் திரும்ப எடுத்து, லெபனானிலும் மொராக்கோவிலும் விதைத்துப் பெருக்கி மறுபடி கொண்டுபோய் வைத்தார்கள். அருமையான ஏற்பாடு. ஆனால் தூங்குகிற விதை இந்த வருட வெயிலைப் பார்ப்பதில்லை, புதுசாக வந்த நோயையும் பார்ப்பதில்லை. அதைப் பார்ப்பது வயலில், தோட்டத்தில், மொட்டை மாடியில் இருக்கிற விதைதான்.

சரி, வேலைக்கு வருவோம்.

முதலில் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். எஃப்1, ஹைப்ரிட், வீரிய ஒட்டு என்று ஏதாவது இருந்தால் அதில் விதை எடுக்க வேண்டாம். முளைக்காது என்று ஊரில் சொல்வார்கள், அது தப்பு. நன்றாகவே முளைக்கும், ஆனால் தாயைப் போலக் காய்க்காது. ஒருமுறை குண்டு குண்டாகக் காய்த்த ஒட்டுத் தக்காளியில் ஆசைப்பட்டு விதை எடுத்து, மறு வருடம் 12 செடி வைத்தேன். ஒன்று கோலிக்குண்டு, ஒன்று நீளம், ஒன்று வெறும் இலை. இரண்டு பெற்றோரின் குணமும் அடுத்த தலைமுறையில் பிரிந்து, ஆளுக்கொரு பக்கம் போய்விடும். அதனால் நாட்டு ரகமோ ஒட்டில்லாத ரகமோ தேடி வாங்குங்கள். பக்கத்து ஊர்ப் பாட்டியிடம் கிடைத்தால் இன்னும் நல்லது, எப்படிச் சமைப்பது என்பதும் சேர்ந்து வரும்.

எதில் ஆரம்பிப்பது? வெண்டை, தக்காளி, கத்தரி, காராமணி. இவை பெரும்பாலும் தன் பூவிலேயே தான் சூல் பிடிப்பவை. வெண்டையிலும் கத்தரியிலும் வண்டு மகரந்தத்தைக் கொஞ்சம் கலந்து விளையாடும், அதனால் ஒரு பருவத்துக்கு ஒரே ரகம் வைத்தால் தலைவலி இல்லை. மிளகாய் நாம் நினைப்பதைவிட அதிகமாகவே கலக்கும். குடைமிளகாயையும் கார மிளகாயையும் அருகருகே வைத்து விதை எடுத்தால் அடுத்த வருடக் குழம்பில்தான் விஷயம் தெரியும்.

காயைப் பார்த்து விதை எடுக்காதீர்கள், செடியைப் பாருங்கள். இது முக்கியம். பெரிய காய் ஒன்றைத் தந்துவிட்டுச் சுருண்டு போன செடியைவிட, மாவுப்பூச்சி வந்தும் தாங்கி நின்ற, தண்ணீர் விட மறந்த ஒரு வாரத்திலும் வாடாத செடிதான் நமக்கு வேண்டும். அப்படி மூன்று நான்கு செடி தேர்ந்தெடுங்கள், ஒன்றை மட்டும் நம்பாதீர்கள். இனத்துக்கு ஒட்டாமல் வேறு மாதிரி வளர்கிற கலவன் இருந்தால் பூக்கும் முன்பே பிடுங்கிவிடுங்கள். தேர்ந்தெடுத்த செடியில் உடனே ஒரு சிவப்புத் துணியைக் கட்டுங்கள். கட்டாமல் விட்டதில், மூன்று வாரம் நான் கண்ணில் வைத்துக் காத்த கத்தரிக்காய் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாம்பாரில் மிதந்தது. அம்மாவைக் குறை சொல்ல முடியாது, காய் என்றால் பறிப்பதுதானே.

வெண்டைக்காய் செடியிலேயே முற்றி, பழுப்பாகி, வரிப்பள்ளங்கள் லேசாகப் பிளந்து, ஆட்டினால் கலகலவென்று சத்தம் வர வேண்டும். அப்போது பறித்து உடையுங்கள், சுணை குத்தும், கையில் துணி சுற்றிக்கொள்ளுங்கள். காராமணிக்கும் இதே கணக்கு. கத்தரிக்காயைச் சாப்பிடும் பருவம் தாண்டி, மஞ்சள் பாய்ந்து தோல் தடிக்கும் வரை விட வேண்டும். அப்புறம் அறுத்துத் தண்ணீரில் பிசைந்தால் நல்ல விதை அடியில் தங்கும், பொக்கு மேலே மிதக்கும்.

தக்காளி கொஞ்சம் வேறு. நன்றாகப் பழுத்ததை அறுத்து, விதையை வழுவழுப்போடு ஒரு டம்ளரில் பிழிந்து, மூடாமல் நிழலில் வையுங்கள். நம் ஊர்ச் சூட்டுக்கு இரண்டு நாள் போதும். மேலே வெள்ளையாக ஆடை படிந்து புளித்த வாடை அடிக்கும். விதையைச் சுற்றியிருக்கிற, முளைப்பைத் தடுக்கிற கூழ் அதற்குள் கரைந்துவிடும். மூன்று நான்கு தண்ணீரில் அலசி, தட்டிலோ துணியிலோ பரப்புங்கள். காகிதம் வேண்டாம், ஒட்டிக்கொண்டால் பிய்க்க முடியாது. நாளை பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டால் டம்ளருக்குள்ளேயே முளைத்துவிடும்.

பூசணி, சுரை, பீர்க்கு வகைக்கு அடுத்த வருடம் போங்கள். ஆண் பூ வேறு, பெண் பூ வேறு, தேனீ எங்கிருந்தோ மகரந்தம் கொண்டு வரும். பூசணியில் மறுநாள் விரியப் போகிற மொட்டு முந்தின மாலையே மஞ்சள் தட்டும். அப்போதே ஆண் மொட்டையும் பெண் மொட்டையும் நூலால் கட்டிவிட்டு, விடிந்ததும் அவிழ்த்து, ஆண் பூவின் நடுக்காம்பைப் பெண் பூவில் தடவி, பெண் பூவை மறுபடி கட்டிவிட வேண்டும். சுரை மாலையில் பூக்கும், அதற்கு அந்த நேரம். ஒரு எச்சரிக்கை: வீட்டு விதையில் வந்த சுரைக்காய் கசந்தால் தயவுசெய்து சமைக்காதீர்கள். கசப்புச் சுரைக்காய்ச் சாறு குடித்து இறந்தவர்கள் உண்டு. அந்தச் செடியின் விதையும் வேண்டாம்.

இனி விதையைக் காய வைப்பது. நிறையப் பேர் கோட்டை விடுவது இங்கேதான். விதை நன்றாகக் காய வேண்டும், ஆனால் வேகக் கூடாது. மத்தியான வெயிலில் மாடித் தரையிலோ எவர்சில்வர் தட்டிலோ போட்டால் உள்ளே கரு செத்துப் போகும். காலை வெயில் பத்து மணி வரை, அப்புறம் நிழல், இப்படி நாலைந்து நாள். பெரிய விதையைக் கடித்துப் பாருங்கள், பல் பதிந்தால் இன்னும் காய வேண்டும், பட்டென்று உடைந்தால் சரி. விதைக்காரர்களிடம் ஒரு கணக்கு உண்டு: ஈரப்பதம் 1 சதவீதம் குறைந்தால் விதையின் ஆயுள் ஏறக்குறைய இரண்டு மடங்கு, வைக்கிற இடத்தின் சூடு 5 டிகிரி குறைந்தாலும் அதே இரண்டு மடங்கு. ஸ்வால்பார்ட் நம்பியிருப்பதும் இதே கணக்கைத்தான்.

பாட்டிமார் சுரை, பூசணி விதையைச் சாணி வறட்டியில் பதித்துச் சுவரில் அப்பினார்கள், சோளக்கதிரை அடுப்புப் புகை படும்படி தொங்கவிட்டார்கள், துவரைக்குச் செம்மண் கட்டினார்கள். சாணியும் புகையும் இல்லாத அடுக்குமாடியில் என்ன செய்வது? அரிசியை நன்றாக வறுத்து, ஆறவிட்டுத் துணியில் முடிந்து, இறுக மூடும் கண்ணாடிப் பாட்டிலின் அடியில் போடுங்கள். மிச்ச ஈரத்தை அது உறிஞ்சும். விதையைக் காகித உறையில் போட்டு அதன் மேல் வைத்து, ஃபிரிட்ஜில் கீழ்த்தட்டில் வைத்துவிடலாம். எடுக்கும்போது உடனே திறக்காதீர்கள், பாட்டிலின் குளிர் விடட்டும், இல்லையென்றால் உள்ளே வியர்த்து விதை நனைந்துவிடும். பயறு வகையில் வண்டு செடியில் இருக்கும்போதே முட்டை வைத்துவிடும், அதனால் நன்றாகக் காய்ந்த பிறகு ஒரு வாரம் ஃபிரீசரில் வைத்து எடுப்பது நல்லது.

உறை மேல் ரகத்தின் பெயர், எடுத்த மாதம், வருடம், யார் கொடுத்த விதை என்று எழுதுங்கள். ஞாபகம் இருக்கும் என்று நினைப்பீர்கள். இருக்காது.

ஆடிக்கு இரண்டு வாரம் முன்பு 20 விதையை எண்ணி, ஈரத்துணியில் சுருட்டி வைத்து, ஒரு வாரம் பத்து நாள் கழித்து எத்தனை முளைத்தது என்று பாருங்கள். அரசுச் சான்று பெற்ற விதைக்குக் குறைந்தபட்ச முளைப்பு நெல்லுக்கு 80 சதவீதம், தக்காளி, கத்தரிக்கு 70, வெண்டைக்கு 65. உங்களுடையது அதற்குப் பக்கத்தில் வந்தால் ஜமாயுங்கள். பாதிதான் முளைத்தது என்றால் இரட்டிப்பாக விதையுங்கள், இந்த வருடமே எல்லாவற்றையும் விதைத்துப் புது விதை எடுத்துவிடுங்கள், வைத்துப் பார்க்க வேண்டாம்.

எடுத்த விதையை மற்றவருக்குக் கொடுக்கலாமா, சட்டச் சிக்கல் வருமா என்று சிலர் பயப்படுகிறார்கள். 2001ஆம் ஆண்டின் பயிர் ரகங்கள் பாதுகாப்பு, விவசாயிகள் உரிமைச் சட்டம், தன் விளைச்சலின் விதையைச் சேமிக்க, விதைக்க, மாற்றிக்கொள்ள, விற்கவும்கூட விவசாயிக்கு உரிமை தருகிறது. பாதுகாக்கப்பட்ட ரகத்தை முத்திரை குத்திய பாக்கெட்டில் விற்பது மட்டும்தான் கூடாது.

அதனால் தாராளமாகக் கொடுங்கள். ஒரு வருடம் என் வெண்டை முழுக்க மஞ்சள் தேமல் நோயில் போய், விதைக்கு ஒரு காய்கூட மிஞ்சவில்லை. முந்தின வருடம் இரண்டு தெரு தள்ளி ஒரு அக்காவுக்குக் கொடுத்த ஒரு கைப்பிடிதான் திரும்ப என் வீட்டுக்கு வந்தது. பாரம்பரிய நெல் ரகங்களை மீட்ட நெல் ஜெயராமன் திருத்துறைப்பூண்டி நெல் திருவிழாவில் வைத்திருந்த வழக்கத்தை நான் இப்போது அப்படியே காப்பியடிக்கிறேன்: அங்கே 2 கிலோ விதைநெல் வாங்கிப் போகிறவர் அடுத்த வருடம் 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். என்னிடம் 10 வெண்டை விதை வாங்கினால் அடுத்த ஆடிக்குள் 20.